வெற்றுப் படத்தில் 312 உட்கருக்கள்: ஆய்வுக்கான படச் செயலாக்க மென்பொருள் எழுதிய மூவர் புனைபெயரில் பகிர்ந்த அனுபவங்கள்

படப்புள்ளி:

உயிரியல் ஆய்வகம் ஒன்றுக்காக, நுண்ணோக்கிப் படங்களில் உள்ள செல்களின் உட்கருக்களை எண்ணித் தரும் செருகுநிரலை (பிளகின்) எழுதியபோது எனக்கு நேர்ந்ததைப் பகிர்கிறேன். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் 1987-இல் மெக்கின்டோஷ் கணினிக்காக எழுதத் தொடங்கிய என்ஐஎச் இமேஜ் என்ற பட ஆய்வு மென்பொருள், பத்தாண்டுகள் கழித்து ஜாவா மொழியில் இமேஜ்ஜே என்று மறுபிறவி எடுத்தது. அதில் எவரும் தமக்கு வேண்டிய செருகுநிரலை எழுதிச் சேர்க்கலாம் என்பதால்தான், பன்னிரண்டாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிட்ட நானும் இந்தத் துறைக்குள் நுழைய முடிந்தது.

டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் டாப்பி சாயம் ஏற்றிய உட்கருக்கள் கருப்புப் பின்னணியில் நீலமாக ஒளிர்வதால் வேலை எளிது என்று நம்பி, பின்னணியையும் உட்கருவையும் பிரிக்கும் எல்லை மதிப்பை ஒவ்வொரு படத்துக்கும் ஓட்சு முறைப்படி நிரலே கணித்துக்கொள்ளுமாறு அமைத்தேன். நோபுயுகி ஓட்சு 1979-இல் வெளியிட்ட அம்முறை, பிக்சல்களை ஒளிர்வின்படி இரு வகுப்புகளாக்கி, அவற்றுக்கு இடையிலான வேறுபாடு மிகுதியாக இருக்கும் இடத்தில் கோடு கிழிக்கிறது. படத்தில் பொருளே இல்லாவிட்டாலும் அது இரண்டாகத்தான் பிரிக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஆய்வு மாணவி ஒருவர் சாயம் ஏற்றாத ஒப்பீட்டுப் படத்தைக் கொடுத்துப் பார்த்தபோது, கேமராவின் இரைச்சலையே, அதாவது ஒளிர்வில் தற்செயலாகத் தோன்றும் சிறு ஏற்ற இறக்கங்களையே, உட்கருக்களாக எடுத்துக்கொண்டு நிரல் 312 என்று விடை சொன்னது. “சார், இந்த ஸ்லைடில் ஒன்றுமே இல்லையே” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ஒட்டிக்கொண்டிருக்கும் உட்கருக்களைப் பிரிப்பதற்குத்தான் நான் பல வாரங்கள் செலவிட்டிருந்தேன்; பிழையோ முதல் படியிலேயே இருந்தது. அதன்பின், ஒரே நாளில், ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு நேரம் ஒளியைப் பதியவிட்டு எடுத்த ஒப்பீட்டுப் படங்களிலிருந்து எல்லை மதிப்பைப் பெற்று, அத்தொகுதி முழுமைக்கும் அதையே பயன்படுத்துமாறு மாற்றினேன்.

அடுக்கு:

என் அனுபவம் சிடி ஸ்கேன் சார்ந்தது. கல்லீரலின் கன அளவைக் கணக்கிடும் நிரலை ஆய்வுக்குழு ஒன்றுக்காக எழுதினேன். ஒவ்வொரு வெட்டுப்படத்திலும் உறுப்பின் பரப்பை அளந்து, டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) கோப்பில் குறித்துள்ள வெட்டின் தடிமனால் பெருக்கிக் கூட்டினேன். ஒருவருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் என்று வந்ததைக் கண்ட கதிரியக்க மருத்துவர், “இவ்வளவு பெரிய கல்லீரல் இந்த உடம்பில் எங்கே இருக்கிறது, தம்பி?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த ஸ்கேனில் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்டுகள் 2.5 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, ஒன்றின்மேல் ஒன்று பாதி படியுமாறு உருவாக்கப்பட்டிருந்தன. எனவே ஒவ்வொரு பகுதியையும் நான் இருமுறை எண்ணியிருந்தேன். தடிமன் வேறு, இடைவெளி வேறு. இப்போது அடுத்தடுத்த வெட்டுகளின் இட ஆயங்களைக் கழித்தே இடைவெளியைப் பெறுகிறேன். கொள்ளளவு தெரிந்த தண்ணீர் பாட்டிலை ஸ்கேன் செய்து முதலில் சரிபார்க்கும் வழக்கத்தையும் அந்த மருத்துவரே ஏற்படுத்தினார்.

நிழல்:

மேலே உள்ள இருவருக்கும் விடை அபத்தமாக வந்ததால் பிழை பிடிபட்டது. எங்களுக்கு அது நம்பும்படியாகவே வந்தது. ஒளிர்வை 4096 படிநிலைகளில் பதியும் 12 பிட் கேமராவின் படம் திரையில் கருப்பாகத் தெரிவதால், திறக்கும்போதே ஒளிர்வைத் தானாக நீட்டிக் காட்டும் வசதியைச் சேர்த்திருந்தேன். அப்படத்தை 8 பிட்டாகச் சேமித்தால், அந்தப் படிநிலைகள் திரையில் தெரியும் வீச்சுக்கேற்ப 256-ஆகச் சுருங்கும். அந்த வீச்சோ படத்துக்குப் படம் மாறும். அதனால், அப்படிச் சேமித்த படங்களில் அளந்தபோது மருந்து கொடுத்த செல்களும் கொடுக்காத செல்களும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒளிர்ந்தன, மருந்துக்கு விளைவில்லை என்றே குழு எழுதிவைத்துவிட்டது. மூலக் கோப்புகளை ஒருவர் தனி வன்தட்டில் வைத்திருந்ததால் தப்பினோம். ஆனாலும் இரண்டு மாத அளவீடுகளை முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.