லேஸ் பின்னலுக்குத் தமிழ்ச்சொல்: ‘கண்பின்னல்’ சரியாக வருமா?

அன்புள்ள ஐயா,

இரண்டு ஊசியால் துளைதுளையாகப் பின்னும் லேஸுக்குச் ‘சரிகை’ போதுமே என்று எழுதியிருந்தீர்கள். அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கோத்தகிரியில் என்னிடம் பின்னல் பழக வரும் பெண்களிடம் ‘சரிகை ஓரம்’ என்றால் காஞ்சிபுரப் பட்டின் ஜரிகைதான் நினைவுக்கு வருகிறது. லேஸ் சால்வையில் அது ஒரு இழைகூடக் கிடையாது.

இப்போது நான் பின்னிக்கொண்டிருக்கும் முக்கோணச் சால்வையையே சொல்கிறேன். பிடரியில் வரும் இடத்தில் 3 கண்ணியோடு தொடக்கம்; ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் 4 கண்ணி கூட்ட வேண்டும்: இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, சால்வையின் நடுவே ஓடும் நடுத்தண்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று. அப்படித்தான் முக்கோணம் விரிகிறது. குங்குமச் சிவப்பு முடிந்து, கிளிப்பச்சை முடிந்து, ஊசியில் இப்போது மஞ்சள். கடைசியில் லேஸ் ஓரம். அங்கே நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறோம். அது ஒரு புதுக் கண்ணி, அதன் அடியில் ஒரு துளை. பக்கத்திலேயே இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுகிறோம். ஒன்று கூடி ஒன்று குறைவதால் கணக்கு மாறாது. சுற்ற மறந்தால் போச்சு. போன வாரம் 211 இருக்க வேண்டிய இடத்தில் 210 இருந்தது; இரண்டு வரிசையைப் பிரித்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன்.

ஆக, வேலையே அந்தத் துளைதான். மீன்வலையில் அதைக் ‘கண்’ என்கிறோம். பின்னலாடை என்ற சொல்லைத் திருப்பூர் ஊரறியச் செய்துவிட்டது. இரண்டையும் சேர்த்தால் கண்பின்னல். ‘வலைப்பின்னல்’ எனக்கும் பிடித்த சொல், ஆனால் அது கணினித் துறையில் நெட்வொர்க்குக்கு நிலைத்துவிட்டது.

‘பூவேலை’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எங்கள் மலையில் தோடர் பெண்கள் பூத்துக்குளி என்ற தங்கள் போர்வையில் செய்வதுதான் பூவேலை. நெய்த வெள்ளைத் துணியில், கோடு எதுவும் வரையாமல், இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே துணி முதலில் வருகிறது, பூ பிறகு. எங்கள் ஊசியில் துணியும் துளையும் சேர்ந்தே உண்டாகின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இரண்டு கைவேலைக்கும் நியாயமில்லை.

ஓரத்துக்குக் ‘கரை’ போதும். வேட்டிக்கும் சேலைக்கும் அதைத்தானே சொல்கிறோம்? கண்பின்னல் கரை. நூலைச் சுற்றிவிட்டு உண்டாக்குவது சுற்றுக்கண்ணி.

கோத்தகிரியிலிருந்து

*

அக்கா, கண்பின்னல் வாயில் சுலபமாக வருகிறது. ஆனால் குரோஷாவிலும் துளை உண்டே? அதையும் இப்படியே சொல்லலாமா? அப்புறம், முடித்த சால்வையை நனைத்து, ஊசி குத்தி விரிக்கிறோமே, அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து

*

தங்கைக்கு,

குரோஷாவில் கொக்கி ஒன்றுதான். ஒரு கண்ணியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறோம். பின்னலில் வரிசை முழுவதும் ஊசியிலேயே காத்திருக்கும். அதனால் குரோஷாவைக் கொக்கிப்பின்னல் என்று தனியே வைத்துக்கொள்வோம். கண்பின்னல் இரண்டு ஊசி வேலைக்கு மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவதற்கு ‘விரித்துலர்த்தல்’ எப்படி? ஊசியிலிருந்து இறக்கும்போது லேஸ் ஓரம் கசங்கிய வாழைச்சருகு மாதிரி சுருண்டு கிடக்கும். நனைத்து, துண்டில் ஒற்றி, ஒவ்வொரு முனையையும் இழுத்துத் துருப்பிடிக்காத குண்டூசி குத்திய பிறகுதான் கண் திறக்கும். விரிப்பதும் உலர்த்துவதும் சேர்ந்த வேலை என்பதால் இரண்டும் சொல்லில் இருக்க வேண்டும். இங்கே மூடுபனி நாளில் அப்படி விரித்த சால்வை காய இரண்டு நாளாகும்.