மறுமொழி: பயோடைனமிக் திராட்சைத் தோட்டம் – ‘உயிராற்றல்’ வேண்டாம், வேறு சொல் பார்க்கலாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம். பயோடைனமிக் வேளாண்மைக்கு, அதாவது பண்ணை முழுவதையும் ஒரே உயிராகப் பார்த்து, கொம்பில் அடைத்துப் புதைத்தெடுத்த உரம் போன்ற கலவைகளைப் பயன்படுத்தும் முறைக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> பயோ என்றால் உயிர், டைனமிக் என்றால் ஆற்றல். ‘உயிராற்றல் வேளாண்மை’ என்று வைத்துவிட்டுப் போகலாமே, இதற்கு எதற்கு இத்தனை மடல்?

இத்தனை மடல் தேவைதான். ‘உயிராற்றல்’ என்று வைத்தால், அந்த முறையில் விளைந்த பழத்தில் ஏதோ கூடுதல் ஆற்றல் இருக்கிறது என்று பெயரே சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. அது நிரூபணமான சங்கதி இல்லை. கலிஃபோர்னியாவின் மென்டசீனோ வட்டாரத்தில் ஒரே திராட்சைத் தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சிலவற்றுக்கு வெறும் உயிர்ம (ஆர்கானிக்) முறை, மற்றவற்றுக்கு அதோடு பயோடைனமிக் கலவைகளும் என்று வைத்துப் பார்த்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில், முதல் 6 ஆண்டுகளில் மண்ணின் தரத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஓர் ஆண்டின் பழத்தில் மட்டும் சர்க்கரை கொஞ்சம் கூடியிருந்தது. முறை நல்லதா இல்லையா என்பதை விவசாயியும் குடிப்பவரும் முடிவு செய்யட்டும். கலைச்சொல் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அப்புறம், ‘உயிர்ம வேளாண்மை’ ஏற்கெனவே வேறொன்றுக்கு ஊன்றிவிட்டது. அங்ககம், இயற்கை, உயிர்மம் என்று மூன்று சொற்கள் ஒரே பொருளில் ஓடிக்கொண்டிருக்கும்போது நான்காவதாக உயிராற்றலும் வந்தால், குடியாத்தம் பக்கம் நிலம் வைத்திருப்பவருக்கு அது தனி முறை என்றே தெரியாது.

அகராதியை மூடிவைத்துவிட்டு அந்தத் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்போம் என்பதுதான் என் பக்கம். தோல் வியாபாரமாக இத்தாலி போய்வருகிறவன் நான். ஆம்பூர், இராணிப்பேட்டைக்காரர்களுக்கு ஆர்னோ ஆற்றங்கரையில் இருக்கும் சாந்தா குரோச்சே தெரியாத ஊர் இல்லை, நம் பாலாற்றங்கரை மாதிரியே தோல் பதனிடும் டேனரிகளாக நிறைந்த ஊர். அங்கிருந்து லூக்கா பக்கத்துக் குன்றுகளுக்கு அதிக தூரமில்லை, பயோடைனமிக் தோட்டங்கள் அங்கே நிறைய. போன வசந்தத்தில் அப்படி ஒன்றைச் சுற்றிக் காட்டி ஒயின் சுவைக்கக் கொடுக்கும் ஏற்பாட்டில் நானும் சேர்ந்துகொண்டேன்.

நாங்கள் போன அன்று கொம்பு தோண்டிக்கொண்டிருந்தார்கள். இலையுதிர் காலத்தில் பசுஞ்சாணத்தைப் பசுவின் கொம்பில் அடைத்துக் குழியில் புதைத்து, குளிர்காலம் முழுக்க விட்டு, வசந்தத்தில் எடுப்பது. காளைக்கொம்பு ஆகாது, ஈன்ற பசுவின் கொம்புதான் வேண்டுமாம். அடிப்பக்கம் வளையம் வளையமாக இருப்பதை விரலால் தடவிக் காட்டினார் தோட்டத்து அம்மா ஒருவர். பிறகு கொம்பைத் தலைகீழாகப் பிடித்து மண்வெட்டிப் பிடியில் இரண்டு தட்டுத் தட்டினார், கறுப்பாக, பிசுபிசுப்பே இல்லாமல் பொலபொலவென்று உதிர்ந்தது. கையில் வாங்கி முகர்ந்தேன். சாண வாடை துளியும் இல்லை, மழை விட்ட மண்ணின் வாடைதான் இருந்தது.

அதில் சுமார் 100 கிராமை எடுத்து முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்குகிறார்கள். ஒரு பக்கமாகவே சுற்றி நடுவில் ஆழமாகச் சுழி விழுந்ததும் சட்டென்று எதிர்ப்பக்கம் சுற்றுவது, மறுபடி சுழி விழுந்ததும் திருப்புவது. அது இரண்டரை ஏக்கருக்குப் போதுமாம், சாயங்காலம் மண்ணில் பெரிய துளியாகத் தெளிப்பார்கள். நம் ஊரில் சாணமும் கோமியமும் கரைத்த ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர் விடுகிறோம். ஆகவே இது பயிருக்குத் தீனி போடுகிற கணக்கே இல்லை. தமிழ்நாட்டில் இதைச் செய்கிறவர்கள் ‘கொம்பு சாண உரம்’ என்கிறார்கள், சொல் விளங்குகிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்வோம். படிகக்கல் மாவைக் கொம்பில் அடைத்துக் கோடை முழுக்கப் புதைத்து எடுப்பது ‘கொம்பு சிலிக்கா’. இதையும் தொட வேண்டாம்.

இனி மொத்த முறைக்கான பெயர். கொடி வரிசைகளுக்கு நடுவே ஆடு மேய்கிறது, வரப்பில் வேலிச் செடிகளும் பூச்செடிகளும் விட்டிருக்கிறார்கள், மாட்டுச் சாணம் அங்கேயே மட்குகிறது, வெளியிலிருந்து வாங்கிப் போடுவதை முடிந்தவரை குறைக்கிறார்கள். திராட்சைத் தோட்டம் என்று தனியாக ஒன்று இல்லை. மண், மாடு, கொடி, ஆள் எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பு என்பதுதான் அவர்கள் பேச்சின் அடி நாதம். 1924இல் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டெய்னர், அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் இருக்கும் கோபர்விட்ஸில் விவசாயிகளுக்கு ஆற்றிய எட்டுச் சொற்பொழிவுகளில்தான் இந்த முறை தொடங்குகிறது, பண்ணையைத் தன்னுள் நிறைந்த ஓர் உயிராகப் பார்ப்பது அங்கேயே இருக்கிறது. இந்த முறையில் விளைந்ததற்கு அடையாளமான டெமீட்டர் முத்திரை 1928இல் வந்தது.

எனவே என் முன்மொழிவு: ஓருயிர் வேளாண்மை. தோட்டத்துக்கு ‘ஓருயிர்த் திராட்சைத் தோட்டம்’. ‘ஈருடல் ஓருயிர்’ என்று சொல்லிப் பழகிய காதுக்கு இது உறுத்தாது. ஆற்றல் இருக்கிறதா என்ற வழக்குக்குள் போகாமல், விவசாயி தன் பண்ணையை எப்படி நடத்துகிறார் என்பதை மட்டும் சொல்கிறது. ஆரணி நண்பர் தனி மடலில், ஒரே பயிரைப் போடுவது என்று யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு ‘ஓரினப் பயிர்’ என்று நிலைத்த சொல் இருக்கிறது, உயிர் என்றதும் பயிர் என்று யாரும் படிக்க மாட்டார்கள் என நம்புகிறேன்.

நாள் பார்ப்பது பற்றியும் பேச்சு வந்தது. மரியா துன் என்ற ஜெர்மானியப் பெண்மணி வகுத்த நாள்காட்டியில், சந்திரன் நிற்கும் ராசியை வைத்து ஒவ்வொரு நாளும் வேருக்கோ இலைக்கோ பூவுக்கோ கனிக்கோ உரியதாகிறது. நாம் தினசரிக் காலண்டரில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் பார்த்துக் கிழங்கு ஊன்றுகிறவர்கள், நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை. வேர்நாள், இலைநாள், பூநாள், கனிநாள் என்று நேரே வைக்கலாம். கனிநாளில் ஒயின் நன்றாகச் சுவைக்கும் என்ற நம்பிக்கையை நியூசிலாந்தில் ஒயின் வல்லுநர்களை வைத்து, எந்த நாள் என்று சொல்லாமல் சோதித்தார்கள், நாளால் சுவை மாறவில்லை என்றே முடிவு வந்தது.

ஒயின் என்ற சொல்லில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. வேலூரில் ‘ஒயின் ஷாப்’ என்றால் பிராந்தி விற்கும் டாஸ்மாக் கடை, தேவாலயத்தில் ‘திராட்சரசம்’ என்றால் நற்கருணைக் கிண்ணம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் வேண்டும் என்பவர்கள், புறநானூற்றில் யவனர் கொண்டுவந்து தந்ததாக வரும் ‘தேறல்’ என்பதை எடுக்கலாம். தேறுதல் தெளிதல் என்பதால் பொருளும் பொருந்துகிறது. சுற்றுலாத் துண்டறிக்கைக்கு ஒயின் என்றே போடுவேன்.

நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று நிற்பது, ஒயினில் துவர்ப்பைத் தரும் டானினுக்கு. பட்டியலில் ‘டானின்’ என்றே போட்டிருக்கிறீர்கள். வட ஆற்காட்டுக்காரனுக்கு இது ஆற மாட்டேன் என்கிறது. தோல் பதனிட குரோம் உப்பு வருவதற்கு முன்னால் நம் டேனரிகளில் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய் நீரிலும்தான் தோல் பதமானது, ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காய் மூட்டை மூட்டையாக இறங்கியது. பட்டையில் இருக்கும் துவர்ப்பொருள் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது, தோல் அழுகாமல் நிற்கிறது. அன்று சுவைத்த சாஞ்சியோவேசே திராட்சையின் ஒயினிலும் அதே வேலைதான் நடந்தது. பழத்தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய துவர்ப்பொருள் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, உடனே வாய் வறண்டு நாக்கைக் கட்டுகிறது. முதல் வாயை உருட்டித் துப்பியதுமே எனக்குக் கடுக்காய்த் தொட்டி ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் வழவழப்பு, முரட்டுத்தனம் என்றெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பொருளுக்குத் தமிழில் துவர் என்றே பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடும் இடத்தில் ‘பத்துத் துவர்’ வருகிறது, சித்த மருத்துவத்தில் இன்றும் ‘துவர்ப்பி’ என்று ஒரு வகை பிரிக்கிறார்கள். சுவைக்குத் துவர்ப்பு, பொருளுக்குத் துவர். தோல், ஒயின், தேநீர், மருந்து நான்குக்கும் ஒரே சொல் கிடைக்கும். ‘இந்த ஒயினில் துவர் அதிகம், இன்னும் இரண்டு வருடம் வைத்தால் மட்டுப்படும்’ என்று எழுதிப் பாருங்கள், எங்கேயும் இடிக்கவில்லை.

எனக்குப் பிடிபடாதது ‘பாடி’ என்று அவர்கள் சொல்வது. ஒயின் வாயில் எவ்வளவு கெட்டியாக, நிறைவாக நிற்கிறது என்பதற்கான பேச்சு அது. உடல் என்று போட்டால் சரிவராது. ‘கனம்’ என்று வைக்கலாமா, அல்லது சமையலில் குழம்புக்குச் சொல்கிற ‘திடம்’ பொருந்துமா? வீட்டில் சமைக்கிறவர்களும் காபிக் கடை நடத்துகிற நண்பரும் இதில் சொன்னால் நன்றாக இருக்கும். மற்ற இரண்டையும், ஓருயிர் வேளாண்மை, துவர், இந்த வாரப் பட்டியலிலேயே சேர்க்கும்படி ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.