குளிர்காலச் சிக்கனமும் முறிந்த மணிக்கட்டும்: மருத்துவச் செலவு பற்றி உங்க அனுபவம் என்ன?

ஜெலுத்தோங், பினாங்கு

வணக்கம் உறவுகளே. நான் மலேசியாவுல, பினாங்குல இருக்கேன். மகளும் மருமகனும் மான்செஸ்டர்ல இருக்காங்க, ரெண்டு பேருக்கும் ஆபீஸ் வேலை. போன டிசம்பர்ல ரெண்டு மாசம் அவங்ககூட இருக்கலாம்னு போனேன்.

சம்பளம் கேட்கப் பெருசா இருக்கு, ஆனா வீட்டுக்குள்ள அப்படி ஒரு சிக்கனம்! கேஸ் ஹீட்டரைக் காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம்தான் போடுவாங்க. கேஸைத் தொடாத நாளுக்கும் தினக் கட்டணம் ஒண்ணு உண்டாம். ராத்திரி எல்லாரும் ஒரே ரூம்ல உட்காருவோம். கதவடியில காத்து வராம இருக்க நான் கொண்டுபோன பழைய கைலியைச் சுருட்டி வச்சேன், அது நல்லாவே உதவுச்சு. படுக்கப் போறப்ப ஆளுக்கொரு வெந்நீர்ப் பை. மிளகு ரசமும் கஞ்சியும் செஞ்சு வச்சா ஆபீஸ்ல இருந்து வந்ததும் குடிச்சிட்டு ரெண்டு பேர் முகமும் தெளியும்.

ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிக்கல. துணியை வீட்டுக்குள்ளயே காயப்போட்டுட்டு ஜன்னலைச் சாத்தியே வச்சிருந்தாங்க. காலையில கண்ணாடியில தண்ணி வழியும், மூலையில கறுப்பாப் பூஞ்சை. மகளுக்கு ஆஸ்துமா வேற. "ஹீட்டர்ல மிச்சம் புடிச்சு மருந்துக்குக் கொடுப்பியா?"ன்னு சத்தம் போட்டேன். அதுக்கப்புறம் தினமும் காலையில பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்து, ஈரத்தைத் துணியால துடைச்சு எடுத்தோம். இருமல் குறைஞ்சது.

அங்க வைத்தியம் இலவசம்னு ஊர்ல பேசிக்கிறோம். ஆனா விசாக்கு விண்ணப்பிக்கும்போதே ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம். மூணு வருஷத்துக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து 6,210 பவுண்டை ஒரே தடவையில கட்டியிருக்காங்க. இங்கிலாந்துல மருந்துச் சீட்டுல இருக்கிற ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு, அதோட அசல் விலை எவ்வளவா இருந்தாலும் சரி. எனக்கு அது பிடிச்சிருந்தது. இவ்வளவுதான்னு முன்னாடியே தெரிஞ்சா மாசச் செலவுல ஒதுக்கி வச்சிடலாமே.

ஜனவரி கடைசியில வாசல்ல உறைஞ்சு கிடந்த பனி வழுக்கி, இடது கையை ஊனி விழுந்துட்டேன். எமர்ஜென்சியில அஞ்சு மணி நேரம் காத்திருந்தோம். எக்ஸ்ரே எடுத்து, மணிக்கட்டுல விரிசல்னு சொல்லி, பட்டை வச்சுக் கட்டி விட்டாங்க. அதுக்குக் காசு வாங்கல. ஆனா வார்டுல சேர்த்தாலோ மறுபடி வந்து பார்க்கச் சொன்னாலோ, என்னை மாதிரி சுற்றிப்பார்க்க வந்தவங்க பணம் கட்டணும்னு அந்த நர்ஸ் பொறுமையா விளக்கினாங்க. பத்து நாள்ல ஊருக்குத் திரும்பிட்டேன்.

பினாங்கு வந்ததும் வலி தாங்காம ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். படத்தைப் பார்த்துட்டு ஆபரேஷன் பண்ணிப் பிளேட் வைக்கணும்னாங்க. எவ்வளவு ஆகும்னு மூணு தடவை கேட்ட பிறகுதான் ஒரு தாள் வந்தது: 21,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), "கூடலாம் குறையலாம்". அந்தத் தாளை மடிச்சுக் கைப்பையில வச்சுக்கிட்டு கார் பார்க்ல உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டுற இன்சூரன்ஸ், அதான் மெடிக்கல் கார்டு, என்கிட்ட கிடையாது.

மறுநாள் கவர்மெண்ட் கிளினிக்ல 1 வெள்ளி கட்டி, கடிதம் வாங்கிக்கிட்டு ஜி.எச். (அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி) எலும்புப் பிரிவுக்குப் போனேன். காலை ஏழரைக்குப் போனவ ரெண்டு மணிக்குத்தான் டாக்டரைப் பார்த்தேன். எலும்பு விலகல, ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லி மாவுக்கட்டு போட்டார். அடுத்தடுத்த வருகைக்கு 5 வெள்ளி. இப்ப தேங்காய் துருவுற அளவுக்குக் கை வந்திடுச்சு. முதல்ல பார்த்த டாக்டர் தப்புன்னு சொல்ல எனக்கு அறிவு போதாது. ஆனா இன்னொரு டாக்டரையும் கேளுங்க, விலையையும் எழுத்துல வாங்குங்க. கேட்க வெட்கப்படாதீங்க.

செந்தூல், கோலாலம்பூர்

அக்கா, கை குணமானதுல சந்தோஷம். எங்க அனுபவம் வேற. அப்பாவுக்கு முதுகுவலி, கால் மரத்துப்போகும். கவர்மெண்ட்ல டாக்டர் நல்லாப் பார்த்தார், ஆனா எம்.ஆர்.ஐ.க்கு எட்டு மாசம் தள்ளித் தேதி. அந்த எட்டு மாசம் அப்பா எப்படி நடப்பார்? அந்த டாக்டர்கிட்டயே கேட்டோம். ஸ்கேனை மட்டும் வெளியில தனியார்ல எடுத்து, படம் பதிஞ்ச சி.டி. தட்டைக் கொண்டு வாங்கன்னார். நானும் தம்பியும் பாதிப் பாதி போட்டு எடுத்தோம். மத்த வைத்தியமெல்லாம் அங்கயேதான். முழுசாத் தனியாருக்குப் போயிருந்தா அம்மா நகை போயிருக்கும்.

பிறை, செபராங் பிறை

மெடிக்கல் கார்டு வச்சிருக்கவங்களுக்கு ஒரு விஷயம். அம்மாவோட பிரீமியம் 2024ல பாதிக்கு மேல ஏறவும், கட்ட முடியாம கார்டை விட்டுட்டோம். அம்மா மூணு நாள் சரியாச் சாப்பிடல, தன்னால பிள்ளைங்களுக்குச் சுமைன்னு. அந்த டிசம்பர்லயே பேங்க் நெகாரா (மலேசியாவோட மத்திய வங்கி) அறிவிச்சது: இன்சூரன்ஸ் கம்பெனிங்க பிரீமியம் ஏத்துறதைக் குறைஞ்சது 3 வருஷத்துக்குப் பிரிச்சு ஏத்தணும், இந்த ஏத்தத்தால 2024ல கார்டை விட்டவங்க திரும்பக் கேட்கலாம், புது உடல் பரிசோதனை வேண்டியதில்ல. ஏஜெண்ட் எங்ககிட்ட வாய் திறக்கல. நானே கம்பெனிக்கு நாலு தடவை போன் போட்டுத் திரும்ப வாங்கினேன்.

ஜெலுத்தோங், பினாங்கு

செந்தூல் தம்பி, சி.டி. விஷயம் எனக்குப் புதுசு, ரொம்ப நன்றி. பக்கத்து வீட்டு அக்கா தோள் ஸ்கேனுக்கு செப்டம்பர் வரைக்கும் காத்திருக்காங்க. நாளைக்குக் காலையில அவங்ககூட நானும் போய் டாக்டர்கிட்ட கேட்கிறேன். என்ன சொன்னார்னு இங்க வந்து எழுதறேன்.