ஸ்டெகோடான் தும்பிக்கையை எந்தப் பக்கம் வரைவது?

வணக்கம். குப்பத்திலிருந்து எழுதுகிறேன். மகள் பள்ளிக் கண்காட்சிக்கு ஸ்டெகோடான் கணேசா வரைகிறாள். இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மலையில் எலும்பு கிடைத்த, யானைக்கு உறவான, அழிந்துபோன விலங்கு. பேரில் நம்ம பிள்ளையாரே இருக்கிறார்.

சிக்கல் தும்பிக்கையில்தான். தந்தங்கள் இரண்டும் அவ்வளவு நெருக்கம், நடுவே தும்பிக்கை இறங்க இடமில்லை, பக்கவாட்டில்தான் தொங்கியிருக்கும் என்கிறார்கள். இவள் வழக்கம்போல நடுவில் வரைந்து, மூன்று தடவை அழித்து, சார்ட்டில் ஓட்டையே விழுந்துவிட்டது.

கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் சிவாலிக் கூடத்தையோ, இமாச்சல் சாகேதி புதைபடிவப் பூங்காவில் நிஜ அளவில் நிற்கும் பைபர் ஸ்டெகோடான் சிலையையோ பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நேர் முன்னாலிருந்து எடுத்த படம் இருந்தால் போடுங்கள். அப்புறம், உடம்பில் மாமூத் மாதிரி முடி வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். வெயில் ஊர் யானைக்கு எதுக்கு கம்பளி என்று கேட்டேன், முறைக்கிறாள். கண்காட்சி திங்கட்கிழமை.