மஞ்சள் மை எங்கே போனது?

கேள்வி: வீட்டில் இருப்பது இங்க்ஜெட் பிரிண்டர். மாதம் நாலைந்து பக்கம்தான் எடுப்பேன், எல்லாம் கறுப்பு எழுத்து. நேற்று மகளின் விண்ணப்பத்தை எடுக்கப் போனால், மஞ்சள் தீர்ந்துவிட்டது என்று அடம்பிடிக்கிறது. மஞ்சளை நான் தொட்டதே இல்லையே!

பதில்: சுத்தம் செய்வதில் போயிருக்கும். ஆன் செய்ததும் கரகரவென்று சத்தம் வருமே, அப்போது மை வரும் துளைகள் அடைக்காமலிருக்க எல்லா நிறத்தையும் கொஞ்சம் உறிஞ்சி உள்ளே இருக்கும் பஞ்சில் கொட்டும்.

பதில்: செட்டிங்கில் 'கறுப்பு மை மட்டும்' இருக்கிறதா பாருங்கள்.

பதில்: இதே கூத்துக்கு அப்புறம்தான் லேசருக்கு மாறினேன். அதில் மைக்குப் பதில் டோனர் என்ற தூள்தானே, காயாது. மூன்று மாதம் சும்மா கிடந்தாலும் முதல் பக்கமே பளிச்.

கேட்டவர்: பார்த்தேன், அந்த வசதியே இல்லை. மகள் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கிறாள்.