நான் எக்ஸ், தம்பி மில்லினியல், வளர்ந்தது ஒரே வீட்டில்

தலைமுறைப் பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்குத் தம்பி ஞாபகம்தான். நான் 1976, அவன் 1982. அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு நடத்தும் பியூ ஆய்வு மையம் போட்ட கணக்குப்படி 1965 முதல் 1980 வரை பிறந்தவர்கள் ஜென் எக்ஸ், 1981 முதல் 1996 வரை மில்லினியல். ஒரே அப்பா அம்மாவிடம் ஒரே அறையில் படுத்து வளர்ந்த நாங்கள் இரண்டு தலைமுறை. சமீபத்தில் உறவினர் ஒருவர், "உன் தம்பி எதற்கெடுத்தாலும் தயங்குறானே, மில்லினியல் பசங்களே இப்படித்தான்" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

அவன் தயங்குவதற்குக் காரணம் பிறந்த வருஷம் இல்லை. அப்பாவின் வியாபாரம் நொடித்தபோது எனக்குப் பதினான்கு வயது, அவனுக்கு எட்டு. அதுவரை குரல் உயர்த்தாத மனிதர் தொட்டதற்கெல்லாம் கத்த ஆரம்பித்தார். மாலையில் அவர் சாவியை மேசையில் வைக்கும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டேதான் தம்பி வீட்டுப்பாடம் எழுதுவான். சாவி 'டங்'கென்று விழுந்தால் போதும், எழுதின வரியைப் பாதியில் விட்டுவிட்டு நோட்டோடு உள்ளே போய்விடுவான். நானோ அம்மாவோடு உட்கார்ந்து கடன் கணக்கு எழுதினேன், சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். கஷ்டம்தான், ஆனால் என்னால் வீட்டுக்கு ஏதோ ஆகிறது என்ற தெம்பு இருந்தது. அவனுக்கு அந்தத் தெம்பைத் தர யாருக்கும் தோன்றவில்லை, கத்தல் மட்டும்தான் அவன் பங்குக்கு வந்தது.

பின்னாளில் கிளென் எல்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரின் ஆய்வைப் படித்தபோது எங்கள் வீட்டையே பார்த்தது போல இருந்தது. 1930களில் வேலையும் வருமானமும் சரிந்த பெருமந்தத்தில் வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளை ஆராய்ந்தவர் அவர். 1920-21இல் பிறந்த, கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரப் பிள்ளைகளுக்கு அப்போது விவரம் தெரிந்த வயது, வீட்டு வேலை வெளி வேலை என்று பொறுப்பெடுத்துப் பலர் தேறி வந்தார்கள். பக்கத்து ஊரான பெர்க்லியில் 1928-29இல் பிறந்த பிள்ளைகள், குறிப்பாகப் பையன்கள், அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பணம் போனது பெரும்பாலும் அப்பாவின் எரிச்சல் வழியாகத்தான் பிள்ளையை வந்து தொட்டது. கஷ்டம் வரும்போது பிள்ளைக்கு என்ன வயது, அந்த நேரம் பெற்றவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள், இதைக் கேட்காமல் வருஷத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2021இல் 150க்கும் மேற்பட்ட சமூக அறிவியலாளர்களும் மக்கள்தொகை ஆய்வாளர்களும் இந்தப் பெயர்களைக் கைவிடச் சொல்லி பியூ மையத்துக்கே திறந்த கடிதம் எழுதினார்கள். 2023இல் மையமும் இனி இவற்றைக் கவனமாகத்தான் பயன்படுத்துவோம் என்று அறிவித்தது.

தம்பிக்கு இப்போது ஒரு மகள், 2014இல் பிறந்தவள். வேலை முடிந்து வந்தால் அவன் வாசலிலேயே நின்று, "அப்பா வந்துட்டேன்டா, இன்னைக்குக் கொஞ்சம் டயர்டா இருக்கேன், உன் மேல கோபம் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவான். அவள் யாரிடமும் எதையும் பயமில்லாமல் கேட்பாள். இந்த வயதுப் பிள்ளைகளின் தலைமுறைக்கு ஆல்பா என்று பெயர், ஆல்பா குழந்தைகள் அப்படித்தான் என்கிறார்கள். கேள்வி கேட்டதற்காக அந்த வீட்டில் அவள் ஒரு நாளும் திட்டு வாங்கியதில்லை, அது யார் கண்ணிலும் படுவதில்லை.

—

அக்கா, இது எங்கள் ஆபீஸிலும் நடக்கிறது. நானும் பக்கத்து சீட் நண்பரும் 1999, அதாவது இரண்டு பேருமே மில்லினியலுக்கு அடுத்த தலைமுறையான ஜென் ஸி. எந்த வேலை தந்தாலும் இது எதற்கு, யாருக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் நான் தொடங்குவேன், எங்கள் வீட்டில் காரணம் சொல்லாமல் எதையும் செய்யச் சொன்னதில்லை. அவர் கேட்கவே மாட்டார், சொன்னதைக் குறித்துக்கொண்டு ராத்திரி வரை உட்கார்ந்து முடிப்பார். ஏன் என்றால் "எதிர்த்தா பேசுற?" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். மேலதிகாரி என்னிடம், உங்க ஜெனரேஷனுக்கே பொறுமை இல்லை என்கிறார். அவரிடம், நீ அந்தக் காலத்துப் பையன்ப்பா என்கிறார். அப்புறம் அவர் உடம்புக்கு முடியாமல் லீவு கேட்கக்கூடத் தயங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பாராட்டுகிற மாதிரி பேசினால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

—

வளர்ப்பு பற்றிய அறிவுரையே காலத்துக்குக் காலம் தலைகீழாக மாறியிருக்கிறதே. 1928இல் உளவியலாளர் ஜான் வாட்சன் குழந்தையைக் கட்டிப்பிடிக்காதே, முத்தம் கொடுக்காதே என்று எழுதினார். 1946இல் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக், உங்கள் மனசு சொல்வதை நம்புங்கள், அன்பாக இருங்கள் என்றார். ஆனால் வீட்டுக்குள் நடப்பது நிபுணர் சொல்வதைப் பொறுத்து மட்டும் இல்லை. என் அம்மா எங்களை அழ விட்டுத்தான் வளர்த்தார், தூக்கினால் பழகிவிடும் என்பார். இப்போது பேத்தி சிணுங்கினாலே ஓடுகிறார். ஏன்மா இப்படி மாறிட்டீங்க என்று கேட்டேன். "அப்போ பத்துப் பேருக்கு வடிச்சுக் கொட்டணும், உன்னை இடுப்பிலேயே வச்சிருந்தா வேலை யார் பார்க்கிறது? எனக்கு மட்டும் தூக்க ஆசை இல்லையா?" என்றார்.