ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போறவங்களுக்கு: நெல்லை, தென்காசி ரூட்டுல ஓட்டுறவங்க சொல்றது

பேட்டை ஆறுசக்கரம்

ஹெவி போடணும்னு கிளம்புறதுக்கு முன்னால எந்த வண்டி ஓட்டப் போறீங்கன்னு முடிவு பண்ணிக்கிடுங்க. ஆர்சியில போட்டிருக்கிற மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருந்தா கார் ஓட்டுற லைட் லைசென்ஸே போதும். சரக்கு வண்டி, மஞ்சள் போர்டுன்னாலும் அதேதான். 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு. ஆனா பார்க்க வேண்டியது லோடோட சேர்ந்த மொத்த எடை. காலி வண்டி எடையைப் பார்த்துட்டு "நாலு டன்தானே"ன்னு ஏறுறவங்க நிறையப் பேரு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் முதல்ல புரட்டுறது அந்தப் பக்கத்தைத்தான்.

அதுக்கு மேல உள்ள வண்டின்னா வயசு 20 ஆகியிருக்கணும், லைட் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் முடிஞ்சிருக்கணும். பைக் லைசென்ஸ் கணக்குல வராது. எட்டாம் வகுப்பு படிச்சிருக்கணும்கிற விதியை 2019லயே எடுத்துட்டாங்க. இன்னும் டிசி கேக்குற புரோக்கர் இருந்தா அவருக்கு வேற கணக்கு இருக்குன்னு அர்த்தம். சாரதிங்கிற அரசு இணையதளத்துல விண்ணப்பம், டாக்டர் கையெழுத்தோட மருத்துவச் சான்று படிவம் 1ஏ, அப்புறம் பழகுநர் லைசென்ஸான எல்எல்ஆர். எல்எல்ஆர் ஆறு மாசம் செல்லும், 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்ட். அப்ப டிரைவிங் ஸ்கூல் தர்ற பயிற்சிச் சான்று படிவம் 5 கையில இருக்கணும்.

டெப்போ வாத்தியார்

ஸ்கூல் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, வண்டியில் வாத்தியார் பக்கமும் பிரேக், கிளட்ச் இருக்கிறதா. இரண்டு, ஒரு வண்டிக்கு எத்தனை பேர். ஒரு மணி நேர வகுப்பில் நான்கு பேரை ஏற்றினால் ஆளுக்குக் கால் மணி நேரம்தான் ஸ்டீயரிங். மீதி முக்கால் மணி நேரம் சும்மா சவாரி. 2021-ல் வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மைய விதியில் கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். சாதாரண ஸ்கூலில் சேர்ந்தாலும் அந்த அளவுகோலை மனதில் வைத்துப் பேசுங்கள்.

முதல் வாரம் வேகம் பழக வேண்டாம், வண்டியின் உடம்பைப் பழகுங்கள். லாரியிலும் பஸ்ஸிலும் டிரைவர் சீட் முன் சக்கரத்துக்கு மேலேயோ அதற்கும் முன்னாலேயோ இருக்கிறது. காரில் பழகிய கண், திருப்பம் வந்ததுமே ஸ்டீயரிங்கை ஒடிக்கச் சொல்லும். ஒடித்தால் பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஏறும், அங்கே நிற்கிற பைக்கை இழுக்கும். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடம் திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் ஒடிக்க வேண்டும். ஒடிக்கும்போது கண் உள்பக்கக் கண்ணாடியில் பின் டயரைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

பஸ் படிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் நீளும் வால், வீல்பேஸில் (முன், பின் ஆக்ஸிலுக்கு இடைப்பட்ட நீளம்) 60 சதவீதம் வரை விதியே அனுமதிக்கிறது. வலதுபுறம் முழுக்க ஒடித்தால் அந்த வால் இடதுபுறமாக வெளியே வீசும். பஸ் ஸ்டாண்டில் பக்கத்து பஸ்ஸின் கண்ணாடி உடைவது பெரும்பாலும் இப்படித்தான். நெருக்கி நிறுத்திய இடத்திலிருந்து கிளம்பினால், ஒரு மீட்டராவது நேராக முன்னே போய்விட்டு மெதுவாக ஒடிக்க வேண்டும்.

கல்லூர் தம்பி

அண்ணாச்சி, டெஸ்ட்ல எதுல ஃபெயில் ஆக்குவாங்க? எட்டு மட்டும் போட்டா போதும்னு சொல்லுதாங்களே.

பேட்டை ஆறுசக்கரம்

எட்டு போட்டா மட்டும் போதாது, தம்பி. மத்திய மோட்டார் வாகன விதி 15 சொல்ற பட்டியல் நீளம்: கண்ணாடி சரி பண்றது, நேராவும் சாய்வாவும் கிளம்புறது, முந்துறது, ரெண்டு பக்கமும் திரும்புறது, திடீர்னு நிறுத்துறது, பின்னால எடுத்து ஒரு சந்துக்குள்ள நுழையறது, முன்னும் பின்னும் எடுத்து வண்டியைத் திருப்புறது. பகல் வெளிச்சத்துல 25 மீட்டர் தள்ளி நிக்கிற வண்டி நம்பரையும் வாசிக்கத் தெரியணும்.

மாட்டுறது பெரும்பாலும் ரிவர்ஸ்லதான். கதவைத் திறந்து தலையை வெளிய நீட்டிப் பின்னால பார்ப்பாங்க. வலது பக்கம் மட்டும் தெரியும், இடது மூலை கம்புல இடிக்கும். ரெண்டு கண்ணாடியையும் மாத்தி மாத்திப் பாருங்க. ஸ்டீயரிங்கைக் கால் சுத்து திருப்பி, வண்டி எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு, அப்புறம் அடுத்த கால் சுத்து. கோணல் ஆயிட்டா முன்னால எடுத்து நேராக்கிட்டு மறுபடி வாங்க. அப்படியே சமாளிக்கப் போனா இன்னும் கோணலாகும். அடுத்தது, ஏர் பிரேக்குக்குக் காத்து ஏறுறதுக்கு முன்னால வண்டியை எடுக்கப் பார்க்கிறது. ஏறி உட்கார்ந்ததும் சீட் பெல்ட், கண்ணாடி, நியூட்ரல், சாவி, ஏர் முள் ஏறினப்புறம்தான் கியர்னு வரிசை வச்சுக்கிட்டா பிரேக் இன்ஸ்பெக்டருக்கு அப்பவே பாதி நம்பிக்கை வந்துடும்.

ஃபெயில் ஆனா ஏழு நாள் கழிச்சு மறுபடி போகலாம். மூணு தடவையும் போச்சுன்னா 60 நாள் காத்திருக்கணும்.

எல் போர்டை அட்டையில கிறுக்கி ஒட்டாதீங்க. வெள்ளைப் பின்னணி 18 சென்டிமீட்டர் சதுரம், சிவப்பு எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், முன்னாலயும் பின்னாலயும்.

தாழையூத்து பல்கர்

எட்டு, ரிவர்ஸ் எல்லாம் காலி வண்டியில. லோடு ஏறினப்புறம் உம்ம உயிரு காத்துலதான் இருக்கு, வே. ஏர் பிரேக்கைப் பத்தி ஸ்கூல்ல அஞ்சு நிமிஷத்துக்கு மேல சொல்லமாட்டான். அதனால இங்கன சொல்லுதேன்.

காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ரெண்டு முள்ளையும் பாரும். முன் சக்கரத்துக்கு ஒரு சர்க்யூட், பின் சக்கரத்துக்கு ஒண்ணு. பஸ்ஸர் அடிச்சுக்கிட்டே இருந்தா காத்து பத்தலை. ரெண்டும் 7, 8 பார் வாக்குல ஏறி, கம்ப்ரசர் 'புஸ்'ஸுன்னு கக்கின பொறவு இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை முழுசா மிதிச்சு ஒரு நிமிஷம் பிடியும். முதல்ல ஒரு தரம் முள்ளு இறங்கும், அது சரி. அதுக்குப் பொறவும் கண்ணுக்குத் தெரிய இறங்கிக்கிட்டே போச்சுன்னா எங்கேயோ ஹோஸோ டயாஃபிரமோ லீக். காதை வச்சுக் கேட்டா சத்தம் வரும், இல்லன்னா ஜாயிண்டுல சோப்புத் தண்ணி தடவும்.

சாயந்தரம் வண்டியை விட்டதும் ஏர் டேங்க் அடியில உள்ள டிரெயின் வால்வை இழுத்து விடும். தூத்துக்குடிப் பக்கம் ஓடுத வண்டிக்கு இது கட்டாயம். கடக்கரைக் காத்துல ஈரம் ஜாஸ்தி, கம்ப்ரசர் அதை அமுக்கினா டேங்குல தண்ணியா நிக்கும். தண்ணி நின்ன அளவுக்குக் காத்து சேக்க இடம் குறையும், வால்வும் துருப்பிடிக்கும். வாரது தண்ணியோட எண்ணெயா இருந்தா கம்ப்ரசர் ரிங் போச்சுன்னு ஓனர்கிட்டச் சொல்லும். உப்பு லோடு அடிக்கிற வண்டின்னா டிரம்மு, பட்டை, யு போல்ட் எல்லாத்தையும் கழுவி விடணும்.

பார்க்கிங் பிரேக்கைக் காத்து பிடிக்கும்னு நினைக்காதீரும். பிடிக்கிறது ஸ்பிரிங், காத்து வந்துதான் அதை விடுவிக்கும். அதனாலதான் ஓட்டத்துல ஹோஸ் வெடிச்சா பின் சக்கரம் தானா இறுகிக்கிடுது. அப்ப ஆக்சிலேட்டரை மிதிச்சு இழுக்கப் பாத்தா டிரம் தீப்பிடிக்கும்.

பல்கர் (சிமெண்டு மாதிரி பொடி ஏத்துத வண்டி), டேங்கர் ஓட்ட ஆசைப்படுதவங்க ரவுண்டானாவுல 20க்கு மேல போகாதீங்க. பாரம் மேலுக்கு இருக்கு. பாதி நிரம்பின டேங்கர் முழு டேங்கரை விட மோசம், உள்ள திரவம் ஒரு பக்கமா ஓடிப்போய் மோதும்.

செங்கோட்டை ரூட்

புளியரை எஸ் வளைவைப் பற்றி யாரும் பேசவில்லையே. தென்காசியிலிருந்து கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை 744-ல் லோடு வண்டிக்கு ஏற்றம் புளியரையிலிருந்து கோட்டைவாசல் வரை. அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை நோக்கி இறக்கம். ஏற்றத்தில் வண்டி நின்றுபோகிறவர்களுக்கும் இறக்கத்தில் பிரேக் போகிறவர்களுக்கும் தவறு ஒன்றுதான்: கியரைத் தாமதமாகப் போடுவது.

ஏற்றத்தில் வளைவுக்குள் நுழைந்தபின் கியர் இறக்கப் பார்த்தால், கிளட்ச் மிதித்த நேரத்திலேயே லோடு வண்டி நின்றுவிடும். வளைவு கண்ணில் பட்டதுமே இரண்டாவதோ முதலோ போட்டுவிட்டு, ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்து ஒரே மூச்சில் ஏற வேண்டும். முன்னால் போகும் லாரி வளைவைத் தாண்டும் வரை கீழேயே நிற்பது நல்லது. அவன் நின்றால் நீங்களும் நிற்க வேண்டிவரும், பின்னால் செங்கோட்டை வரை வரிசை கட்டும். நின்றுவிட்டால் பார்க்கிங் பிரேக் போட்டு, கிளட்ச்சை வண்டி முன்னுக்கு இழுக்கும் இடம் வரை விட்டு, அப்புறம் பிரேக்கை விடுங்கள். அரை கிளட்ச்சில் பிடித்து வைத்துக்கொண்டு நின்றால் பிளேட் கருகி நாறும்.

கிளீனர் கல் வைக்கும்போது சக்கரத்தின் நேர் பின்னால் குனியக் கூடாது. பக்கவாட்டில் நின்று வைக்க வேண்டும். கிளம்பியபின் அந்தக் கல்லை எடுத்து ஓரம் போடாமல் போகிறவர்களை என்ன சொல்ல. ராத்திரியில் வருகிற பைக்காரனுக்கு அதுதான் எமன்.

இறக்கத்துக்குப் பழைய விதி இன்னும் செல்லும்: ஏறுகிற கியரிலேயே இறங்கு. உச்சியிலேயே கியரை இறக்கி எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைக்குழாயை அடைத்து இன்ஜினையே பிரேக்காக்குவது) போடுங்கள். இன்ஜின் சுற்று கூடுதலாக இருந்தால்தான் அது நன்றாகப் பிடிக்கும். கிளட்ச் மிதித்தாலோ நியூட்ரலுக்குப் போனாலோ அது இல்லாத மாதிரி. கால் பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி விரியும், பிரேக் லைனர் அதை எட்ட இன்னும் தூரம் நகர வேண்டும், சூட்டில் லைனரின் பிடியும் வழுக்கும். விட்டு விட்டுப் பம்ப் அடித்தால் ஒவ்வொரு மிதிக்கும் காற்று செலவு, கம்ப்ரசர் ஈடுகொடுக்காது. வேகம் கூடியதும் அழுத்தமாக ஒரே மிதி, பத்து கிலோமீட்டர் வேகம் குறைந்ததும் முழுக்க விடு, டிரம் ஆறட்டும். கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி, கல் வைத்து, தானாக ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர் வண்டிகள் இதே ரோட்டில் வரும். வழி தெரியாத வெளியூர் வேன்கள் வளைவிலேயே முந்தப் பார்ப்பார்கள். ஹாரன் அடித்துத் திருத்த முடியாது, இடம் கொடுத்துவிடுங்கள்.

கல்லூர் தம்பி

நியூட்ரல்ல இறக்குனா டீசல் மிச்சம்னு எங்க ஏரியா ஆளுக சொல்லுதாங்களே?

தாழையூத்து பல்கர்

பிஎஸ்-4, பிஎஸ்-6ன்னு புகைத் தரம் போட்ட புது வண்டியில கியர்ல வச்சுக்கிட்டு ஆக்சிலேட்டரை விட்டா இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திடும், தம்பி. சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல்ல போட்டா ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். சாவியை அணைச்சு இறக்குதவன் அதை விடப் பெரிய ஆளு: கம்ப்ரசர் நிக்கும், பவர் ஸ்டீயரிங் கல்லாகிப் போகும்.

பிஎஸ்-6ல இன்னொண்ணு. புகையைச் சுத்தம் பண்ணத் தனி டேங்குல ஊத்துத யூரியாத் தண்ணியை டீசல் டேங்குல ஊத்திட்டா சாவியைத் தொடவே கூடாது. டேங்கை இறக்கிக் கழுவினா செலவு அதோட போச்சு. ஸ்டார்ட் பண்ணிட்டா பம்பு, இன்ஜெக்டர் எல்லாம் போகும்.

வள்ளியூர் வாழைலோடு

எங்க பக்கம் மலையை விடக் காத்துதான் வில்லங்கம். ஆனி, ஆடியில பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி வரைக்கும் மேக்க இருந்து கணவாய்க்காத்து அடிக்கும். காத்தாடிகளை அங்க நட்டு வச்சிருக்கதே அதுக்குத்தான். காலி கன்டெய்னர், வைக்கோல் வண்டி, தார்ப்பாய் உயரமாக் கட்டின லோடு, இதுக மூணுக்கும்தான் ஆபத்து ஜாஸ்தி. லோடு கம்மி, காத்து பிடிக்கிற பரப்பு பெருசு. வேகத்தை 40, 50க்கு இறக்கி ரெண்டு கையாலயும் பிடிங்க. பெரிய பஸ் பக்கத்துல வந்தா அது காத்தை மறைச்சுக்கிடும், நீங்க காத்துக்கு எதிரா ஒடிச்சு வச்சிருந்த ஸ்டீயரிங் வண்டியை அது பக்கம் இழுக்கும். அது தாண்டினதும் காத்து மறுபடி அடிச்சுத் தள்ளும். மேம்பாலத்துக்கு அடியில நுழைஞ்சு வெளிய வாரப்பவும் இதே கதை. அந்த நீளத்துல முந்தவே முந்தாதீங்க.

வாழைத்தார் லோடுக்குக் கயிறு கட்டினா 20, 30 கிலோமீட்டர்ல ஒரு தரம் நிறுத்தி இறுக்கணும். தார் அமுங்கி அமுங்கிக் கயிறு தொளதொளன்னு ஆயிடும்.

டயர்: ஜோடி டயருக்கு நடுவுல கல்லு மாட்டியிருக்கான்னு குவாரி ரோட்டுல இருந்து ஏறினதும் பாருங்க. கம்பியால தட்டிப் பாத்தா காத்துள்ள டயர் 'டங்'குன்னும், காத்து போனது 'சத்'துன்னும் சொல்லும். வீல் கழட்டி மாட்டினா நட்டை எதிரெதிராத்தான் முறுக்கணும், 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் ஒருக்கா பாக்கணும். நட்டைச் சுத்தி துருக் கோடு வழிஞ்சிருந்தா அது தொளதொளத்துக் கிடக்குன்னு அர்த்தம்.

ராதாபுரம் பக்கம் டிப்பர் ஓட்டப் போறவங்க: சரிவுல பாடியைத் தூக்காதீங்க, மேல கரண்ட் கம்பி இருக்கான்னு இறங்கிப் பாருங்க, பாடி முழுசா இறங்கினப்புறம் வண்டியை நகர்த்துங்க. தூக்கின பாடிக்கு அடியில வேலைன்னா முட்டுக் கொடுக்காம நுழையாதீங்க, ஹைட்ராலிக் ஹோஸை நம்பாதீங்க.

டெப்போ வாத்தியார்

ஓவர்லோடைப் பற்றியும் ஒரு வரி. 2018-க்குப் பிறகு ஆறு சக்கர லாரிக்கு மொத்த எடை வரம்பு 18.5 டன், பத்து சக்கரத்துக்கு 28.5 டன். உங்கள் வண்டிக்கு ஆர்சியில் இருப்பதுதான் கணக்கு. தாண்டினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. அதிகப்படியான சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். எடைச் சீட்டை வாங்கிப் பார்க்காமல் குவாரியை விட்டு வெளியே வராதீர்கள்.

வேலை நேரம்: 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், ஐந்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அரை மணி நேர ஓய்வு என்று வைத்திருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஓனர் சம்மதிக்கிறாரோ இல்லையோ, விடியற்காலை 2 முதல் 5 வரை கண் செருகும்போது டீ குடித்துச் சமாளிக்க முடியாது. கயத்தாறு, கங்கைகொண்டான், நாங்குநேரி என்று தேசிய நெடுஞ்சாலை 44-ல் நிறுத்த இடம் இருக்கிறது. ரோட்டை விட்டு முழுக்க உள்ளே இறக்கி நிறுத்தி இருபது நிமிடம் கண் மூடுங்கள். திருச்செந்தூர்ப் பாதயாத்திரை நாட்களில் ஆட்கள் இருட்டில் ஓரமாக நடப்பார்கள். எதிரே வண்டி வராவிட்டாலும் லைட்டை டிம் செய்து, அவர்களைத் தாண்டும்வரை மெதுவாகப் போங்கள்.

கல்லூர் தம்பி

லைசென்ஸ் எடுத்தாச்சுன்னா எத்தனை வருஷம்? கேஸ் டேங்கருக்கு வேற ஏதாவது வேணுமா?

பேட்டை ஆறுசக்கரம்

டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருஷம். கேஸ், ஆசிட், பெட்ரோல் மாதிரி ஆபத்தான சரக்குன்னா மூணு நாள் பயிற்சி முடிச்சுத் தனியா எழுதி வாங்கணும், அது 3 வருஷம்தான் செல்லும். அதுக்கு ஒரு இந்திய மொழியும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும். முன்ன இருந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்துல போச்சு. தேதி முடிஞ்ச மறுநாளே லைசென்ஸ் இல்லாத கணக்குதான். முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாலயே புதுப்பிக்கலாம். முடிஞ்சு ஒரு வருஷம் தாண்டிட்டா மறுபடி டெஸ்ட்டுக்கு நிக்கணும். புதுப்பிக்கவும் படிவம் 1ஏ வேணும், கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோடவே டாக்டரைப் பாருங்க.